காலி கேன் கணக்கு

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. ஆணி ஜாஸ்தி. பகல்ல தீசிஸ், சாயங்காலம் பார்ட் டைம் வேலை, ராத்திரி நூடுல்ஸ் என்று வண்டி ஓடிக்கிட்டு இருக்கு. ஆனா இன்னிக்கு எழுதியே ஆகணும்னு உட்கார்ந்துட்டேன். காரணம் ஒரு பீர் பெட்டி. (நான் குடிக்கலைங்க, நம்புங்க :-))

நான் வேலை பார்க்கிறது ஜெர்மனியில ஒரு பானக் கடை. பீர், தண்ணி, ஜூஸ் எல்லாம் பெட்டி பெட்டியா விக்கிற இடம். என் வேலை விக்கிறது இல்லை, திரும்பி வாங்கிறது. காலி பாட்டில் போடுற மெஷினுக்குப் பின்னாடி நின்னு, வர்ற பெட்டிகளைப் பிரிச்சு அடுக்கணும். இதுக்கு இங்கே 'லேயர்குட்'னு பேரு. பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் டெபாசிட், பெட்டிக்கு ஒன்றரை யூரோ. இருபது பாட்டிலோட முழுப் பெட்டியா கொண்டுவந்தா 3.10 யூரோ கையில.

போன சனிக்கிழமை ஒரு பாட்டி ஒன்பது பெட்டி கொண்டுவந்தாங்க. வீட்டுக்காரர் இறந்துட்டாராம், நிலவறையைக் காலி பண்றாங்களாம். பெட்டி மேல விரல்கனத்துக்குத் தூசி. எத்தனை வருஷமா அங்கே கிடந்ததோ தெரியாது. எங்க மேனேஜர் அதைப் பார்த்துட்டுச் சொன்னார்: "2022ல இது வந்திருந்தா இந்த அம்மாவுக்குப் பூங்கொத்து கொடுத்திருப்பேன்."

அவர் சொன்னது விளையாட்டு இல்லை. 2022ல உக்ரைன் போர் ஆரம்பிச்சதும் இயற்கை எரிவாயு விலை எகிறிடுச்சு. கண்ணாடி உலையை ராத்திரி பகலா எரிய விட்டாதான் பாட்டில். அதனால பாட்டில் விலையும் கூடவே ஏறிச்சு. புது பாட்டில் விலை 80 சதவீதம் ஏறிடுச்சுன்னு மதுபான ஆலைகள் சங்கம் சொல்லிச்சு. இத்தனைக்கும் நாட்டுல சுமார் 400 கோடி பீர் பாட்டில் சுத்திக்கிட்டு இருக்கு. ஆளுக்கு ஐம்பது பாட்டில்கிட்ட வருது. அப்புறம் எப்படிப் பஞ்சம்? பாட்டில் எல்லாம் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே, பால்கனியில, நிலவறையில. ஆலையில மட்டும் இல்லை. "தயவுசெய்து காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுங்க"ன்னு ஆலைக்காரங்க ஜனங்களைக் கெஞ்சினாங்க.

இதைக் கேட்டதும் எனக்குத் தீசிஸ்க்காகப் படிச்ச ஒரு பழைய கதை ஞாபகம் வந்தது. பாட்டில் இல்லை, பெட்ரோல் கேன். வருஷம் 1944. கொஞ்சம் நீளமாதான் போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல பாலைவனத்துக்குப் போவோம்.

1940லிருந்து வட ஆப்பிரிக்காவில சண்டை. ஒரு பக்கம் பிரிட்டிஷ் படை. அதோட நம்ம நாலாவது இந்திய டிவிஷனும் இருந்தது, அதுல மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆட்களும் இருந்தாங்க. எதிர்ப்பக்கம் இத்தாலிக்காரங்க, 1941லிருந்து ரோமலோட ஜெர்மன் படை. பாலைவனத்துல ஊர் கிடையாது, ரயில் ரொம்பக் கொஞ்சம். எல்லாமே லாரிதான். லாரி ஓட பெட்ரோல் வேணும், அந்தப் பெட்ரோலைக் கொண்டுபோகவும் லாரி வேணும்.

பிரிட்டிஷ்காரங்க பெட்ரோலை எதுல கொண்டுபோனாங்க? நம்ம ஊர் பழைய மண்ணெண்ணெய் டின்னை நினைச்சுக்கோங்க. சதுரமா, மெல்லிசுத் தகரத்துல, நாலு காலன் பிடிக்கும், அதாவது சுமார் 18 லிட்டர். கிட்டத்தட்ட அதேதான். ஒரு தடவை பயன்படுத்திட்டுத் தூக்கிப் போடுற சாமான். சிப்பாய்கள் அதுக்கு வச்ச பேரு 'ஃப்ளிம்ஸி', சொத்தைன்னு வச்சுக்கலாம். லாரி ரெண்டு குலுக்கு குலுக்கினா பத்த வச்ச ஓரம் விட்டுடும். பெட்ரோல் ஒழுகும். சும்மா கொஞ்சம் இல்லை. கிடங்கிலிருந்து வண்டிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள 30 சதவீதம் வீணாகுதுன்னு தளபதி ஆக்கின்லெக்கே கணக்கு சொன்னார். பத்து லாரி கிளம்பினா மூணு லாரி சரக்கு மணலுக்கு!

அந்த டின்னால நல்லா நடந்த ஒரே காரியம் டீதான். டின்னை வெட்டி, மணல் நிரப்பி, பெட்ரோல் ஊத்திப் பத்த வச்சா அடுப்பு ரெடி. 'பெங்காசி பர்னர்'னு அதுக்குப் பேரே வச்சிருந்தாங்க. வெள்ளைக்காரன் எங்கே போனாலும் டீயை விடமாட்டான் போல.

மலிவுன்னுதான் இந்த டின்னை வச்சிருந்தாங்க. ஆனா 1941 டிசம்பர்ல ஜப்பான் மலாயாவுக்குள்ள இறங்குச்சு, 1942 பிப்ரவரியில சிங்கப்பூர் விழுந்தது. அப்புறம் டச்சுக்காரங்க வச்சிருந்த இந்தோனேசியாவும் போச்சு. உலகத்து வெள்ளீயத்துல பெரும்பங்கு அங்கேயிருந்துதான் வந்தது. தகரத்துக்கு மேல பூசுறதே அந்த வெள்ளீயம்தானே. அமெரிக்காவில 1942லேயே பொதுமக்களுக்கான பீரைத் தகர டப்பாவில அடைக்கிறதை நிறுத்தினாங்க. தூக்கிப் போடுற பழக்கம் சட்டுன்னு எல்லாருக்கும் கட்டுப்படியாகாமப் போச்சு.

ஜெர்மன்காரங்ககிட்ட வேற ஒண்ணு இருந்தது. 1937ல ஷ்வெல்ம் ஊர்ல இருந்த மியுல்லர் கம்பெனி என்ஜினியர் வின்சென்ஸ் க்ருயுன்ஃபோகல் வடிவமைச்ச 20 லிட்டர் கேன். (ஹாகனுக்கும் வுப்பர்டாலுக்கும் நடுவுல இருக்கிற சின்ன ஊர். நான் ரயில்ல அடிக்கடி தாண்டிப் போவேன், ஒரு தடவைகூட இறங்கினது இல்லை.) ரெண்டு பாதியா அழுத்தி எடுத்த எஃகுத் தகட்டைச் சேர்த்து வெல்டிங் பண்ணினது. உள்ளே பூச்சு. பக்கத்துல பெருக்கல் குறி மாதிரி ஒரு பள்ளம், வெயில்ல பெட்ரோல் விரிஞ்சா கேனும் கொஞ்சம் உப்ப இடம் கொடுக்கும். மூடியைத் திறக்க ஸ்பானர் வேண்டாம், ஊத்த புனல் வேண்டாம். மேல மூணு கைப்பிடி. நடுப்பிடியைப் பிடிச்சா நிறைஞ்ச கேன் கைக்கு ஒண்ணு. ஓரப்பிடிகளைச் சேர்த்துப் பிடிச்சா காலி கேன் கைக்கு ரெண்டு.

இந்தக் கடைசி விஷயத்தைக் கவனிச்சீங்களா? காலி கேனைத் தூக்கிட்டு வர்றதுக்குன்னு ஒரு வசதி. காலியும் திரும்பி வரும்னு நினைச்சுப் பண்ணின சாமான் அது. எதுக்காகப் பண்ணினாங்கன்னும் மறக்கக் கூடாது. பக்கத்து நாடுகள் மேல பாயறதுக்காக, போருக்கு முன்னாடியே ஆயிரக்கணக்குல ரகசியமா செஞ்சு வச்சிருந்தாங்க. நல்ல வடிவமைப்புன்னா நல்ல காரியத்துக்குத்தான்னு இல்லை.

இதுல ஒரு இந்தியக் கிளைக்கதையும் உண்டு. 1939ல பால் ப்ளைஸ்னு ஒரு அமெரிக்க என்ஜினியர், பெர்லின்லேர்ந்து இந்தியாவுக்குக் கார்லேயே கிளம்பினாராம். கூட வந்த ஜெர்மன் நண்பர், தண்ணிக்காக டெம்பெல்ஹோஃப் விமான நிலையத்துக் கிடங்கிலிருந்து மூணு கேனைக் கிளப்பிட்டு வந்திருக்கார். நண்பர் பாதி வழியில திரும்ப வேண்டியதாப் போச்சு. ப்ளைஸ் மட்டும் கல்கத்தா வந்து, காரை அங்கே விட்டுட்டு ஊருக்குப் பறந்தார். அமெரிக்க ராணுவத்துக்கிட்ட கேனைப் பத்திச் சொன்னார். முதல்ல யாரும் காதுல வாங்கல. 1940ல ஒரு கேன் கைக்கு வந்தப்புறம் நகல் எடுத்தாங்க. எப்படி? வெல்டிங்கை விட்டுட்டு மடிச்சு அழுத்தின ஓரம் வச்சாங்க. உள்பூச்சை எடுத்துட்டாங்க. திறக்க ஸ்பானர், ஊத்த புனல். அதாவது எதெல்லாம் நல்லா இருந்ததோ அதையெல்லாம் எடுத்துட்டு வெளித்தோற்றத்தை மட்டும் வச்சுக்கிட்டாங்க. நம்ம ஊர்க்காரங்க மட்டும்தான் இப்படின்னு நினைச்சிருந்தேன் :-)

பிரிட்டிஷ்காரங்க உஷார். பாலைவனத்துல எதிரி விட்டுட்டுப் போன கேன்களைப் பொறுக்கிப் பயன்படுத்தினாங்க, அப்புறம் அச்சு அசலா அதே மாதிரி செய்ய ஆரம்பிச்சாங்க. ஜெர்மன்காரனை அவங்க பேச்சு வழக்குல 'ஜெர்ரி'ன்னு கூப்பிடுவாங்க. அதுதான் ஜெர்ரிகேன்.

சரி, இப்போ முக்கியமான இடம்.

1944 ஜூன்ல நார்மண்டியில இறங்கின நேச நாட்டுப் படை, ஜூலை கடைசியில ஜெர்மன் வரிசையை உடைச்சுது. அப்புறம் ஒரே ஓட்டம். ஆகஸ்ட் 25 பாரிஸ். மாசக் கடைசியில பேட்டனோட மூணாவது ராணுவம் மியூஸ் நதிக்கே வந்துடுச்சு. அங்கே நின்னுடுச்சு. அந்த ராணுவத்துக்கு ஒரு நாளைக்கு சுமார் 4 லட்சம் காலன் பெட்ரோல் வேணும். ஆகஸ்ட் 30ம் தேதி வந்தது 32 ஆயிரம் காலன்.

துறைமுகம் போதல, ரயில் பாதை குண்டு வீச்சுல நாசம், படை போன தூரம் அதிகம். இதெல்லாம்தான் பெரிய காரணங்கள். கேன் இல்லாததால மட்டும் பேட்டன் நின்னார்னு நான் சொல்ல வரல. ஆனா எல்லாரும் லாரியைப் பத்தியும் துறைமுகத்தைப் பத்தியும் பேசிக்கிட்டு இருந்தப்போ, யாரும் எதிர்பார்க்காத ஒரு பஞ்சமும் கூடவே வந்து நின்னுது. பெட்ரோலை ஊத்திக் கொடுக்க கேன் இல்லை.

D-டேக்கு அப்புறம் பிரான்ஸுக்கு அனுப்பினது சுமார் 2 கோடியே 20 லட்சம் கேன். அதுல பாதியைக் காணோம்!

எங்கே போச்சு? முறைப்படி, காலி கேன் ஒண்ணு கொடுத்தா நிறைஞ்ச கேன் ஒண்ணு தரணும். முன்னேறி ஓடுற அவசரத்துல யார் அதைப் பார்க்கிறது? டாங்குக்கு ஊத்தினதும் காலியைச் சாலையோரம் வீசிட்டு அடுத்த ஊருக்கு ஓடிட்டாங்க. சில கேன் உட்கார ஸ்டூல் ஆச்சு, சில கேன் சேத்துல நடக்கப் படிக்கல் ஆச்சு. கிராமத்து ஜனங்க கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க. இரும்புச் சாமானுக்கு நாலு வருஷமா ஏங்கிக் கிடந்த வீடுங்க, குத்தம் சொல்ல முடியுமா?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நானே போட்டதுதான், பயப்படாதீங்க. ஒரு நாளைக்கு 4 லட்சம் காலன், கேனுக்கு 5 காலன். அப்போ நாளைக்கு 80 ஆயிரம் கேன். போன கேன் பத்து நாள்ல திரும்பி வந்தா மொத்தம் 8 லட்சம் கேன் இருந்தாப் போதும், சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கும். போர்முனை தள்ளிப் போய், திரும்பி வர முப்பது நாள் ஆச்சுன்னா? 24 லட்சம் கேன் வேணும். ஒரு கேன்கூட தொலையல, உடையல. ஆனாலும் பஞ்சம் வந்துடும். தாமதமா வர்றதும் தொலைஞ்சு போறதும் கணக்குல கிட்டத்தட்ட ஒண்ணுதான். அந்தப் பாட்டியோட நிலவறைப் பெட்டி ஞாபகம் வருதா?

இதுல என்னை ரொம்ப யோசிக்க வச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த நாட்கள்ல 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்'னு ஒரு லாரிப் படை ராத்திரி பகலா ஓடிச்சு, 1944 ஆகஸ்ட் 25லேர்ந்து நவம்பர் 16 வரைக்கும். டிரைவர்கள்ல முக்கால்வாசிப் பேர் கறுப்பினச் சிப்பாய்கள். சண்டை போடுற படைகள்ல பெரும்பாலும் அவங்களைச் சேர்க்காத ராணுவம், முதுகு ஒடியற வேலையை மட்டும் அவங்ககிட்ட கொடுத்தது. ஆகஸ்ட் 29ம் தேதி 5,958 வண்டிகள் 12,342 டன் கொண்டு போச்சு. கடைசி இலக்கம் வரைக்கும் கணக்கு இருக்கு பாருங்க! ஆனா திரும்பி வர்ற காலி கேனுக்கு? "பாதி காணோம்" என்பதுதான் கணக்கு. முன்னாடி போற டன்னுக்கு எல்லாரும் கைதட்டினாங்க. அதே லாரி திரும்பி வரும்போது காலியாத்தான் வந்தது. அதுல கேனை ஏத்திட்டு வந்தா யாரும் சபாஷ் சொல்லப் போறதில்லை, நேரம்தான் வீணாகும். அந்த டிரைவர் இடத்துல நான் இருந்தாலும் ஏத்தியிருக்க மாட்டேன்.

அப்புறம் எப்படி மீட்டாங்க? ராணுவ உத்தரவு போட்டுப் பார்த்தாங்க, பத்திரிகை, ரேடியோ எல்லாத்துலயும் சொல்லிப் பார்த்தாங்க. தலைமைக் குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரல் லிட்டில்ஜான் கடைசியில பள்ளிக்கூடப் பசங்களைப் பிடிச்சார். கேன் பொறுக்கிக் கொண்டுவந்தா பரிசு. அவ்வளவுதான். வயல், வாய்க்கால், மாட்டுக் கொட்டகைன்னு பசங்க புகுந்து தேடினாங்க. இந்த மொத்த முயற்சியில பத்து லட்சத்துக்கும் மேல கேன் திரும்பி வந்தது.

ஜெனரல் உத்தரவால வராத கேன் சின்னப் பையன் கையில எப்படி வந்தது? அவனுக்கு அந்தக் காலி கேன் ஒரு சம்பாத்தியம். சிப்பாய்க்கு அது வெறும் பாரம். கேன் அதே கேன்தான்.

போருக்கு அப்புறம் இதே பாடத்தை வேற மாதிரி படிச்சவங்க ஆஸ்திரேலியாக்காரங்க. அமெரிக்கப் படை ஊருக்குத் திரும்பும்போது ஏகப்பட்ட மரப் பேலட்டும் ஃபோர்க்லிஃப்டும் அங்கேயே விட்டுட்டுப் போயிடுச்சு. அதை வச்சு அந்த நாட்டு அரசாங்கமே ஒரு பொதுத் தொகுப்பு நடத்திச்சு. 1958ல அதைப் பிராம்பிள்ஸ் கம்பெனிக்கு வித்தாங்க. அதுதான் இன்னிக்கு நீங்க சூப்பர் மார்க்கெட் பின்பக்கம் பார்க்கிற நீல பேலட், 'செப்'. சூட்சுமம் சிம்பிள். பேலட் உங்களுக்குச் சொந்தம் கிடையாது, வாடகை. வச்சிருந்தா காசு ஏறும். அதனால காலியானதும் எப்படா திருப்பிக் கொடுப்போம்னு இருக்கும். 1961ல ஐரோப்பிய ரயில்வேக்கள் ஒரே அளவு பேலட்டை ஒத்துக்கிட்டு, ஒண்ணு கொடுத்து ஒண்ணு வாங்குற முறையைக் கொண்டுவந்தாங்க. ராணுவம் காகிதத்துல வச்சிருந்த அதே முறை. இங்கே எல்லாரும் உண்மையாவே எண்ணினாங்க, அதுதான் வித்தியாசம்.

இப்போ பீர் பாட்டிலுக்கு வரேன். 8 சென்ட்ல ஒரு புது பாட்டில் வாங்க முடியாது. அதாவது நீங்க பாட்டிலைத் திருப்பித் தரலைன்னா உங்களுக்கு நஷ்டம் 8 சென்ட், ஆலைக்கு அதைவிட அதிகம். கண்ணாடி மலிவா இருந்த வரைக்கும் யாரும் இதைக் கண்டுக்கல. 2022ல விலை ஏறினதும் இந்த ஓட்டை பெருசாத் தெரிஞ்சுது. டெபாசிட்டை ஏத்தலாமேன்னு நீங்க கேட்பீங்க. நானும் மேனேஜர்கிட்ட கேட்டேன். சிரிச்சார். "நாளைக்கே 25 சென்ட் ஆக்கினா, 8 சென்ட் கொடுத்து வாங்கின அத்தனை பாட்டிலுக்கும் 25 சென்ட் திருப்பித் தரணும். 400 கோடி பாட்டில். யாரு கொடுக்கிறது?" அன்னிக்கு நான் வாயை மூடிக்கிட்டுப் பெட்டி அடுக்கப் போயிட்டேன்.

கடைசியா கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்க தாத்தா விருதுநகர் பக்கம் ஒரு சின்ன ஊர்ல கோலி சோடா போட்டார். நாற்பது கடைக்கு சைக்கிள்ல சப்ளை. அவர்கிட்ட ஒரு நீள நோட்டு இருக்கும். அதுல சோடா எத்தனை வித்ததுன்னு பெருசா இருக்காது. எந்தக் கடையில எத்தனை காலி பாட்டில் நிக்குதுன்னுதான் பக்கம் பக்கமா இருக்கும். ஞாயித்துக்கிழமை எல்லாரும் கறி சாப்பிட்டுத் தூங்கும்போது தாத்தா மட்டும் சைக்கிளை எடுத்துக்கிட்டுக் காலி பாட்டில் பொறுக்கப் போவார். ஒரு பாட்டிலுக்காக அரை மணி நேரம் ஒரு கடைக்காரரோட சண்டை போட்டதை நானே பார்த்திருக்கேன். சரியான கஞ்சன்னு நாங்க எல்லாம் சிரிப்போம்.

அவருக்கு முட்டி வலி வந்தப்புறம் சித்தப்பா பொறுப்பெடுத்தார். சித்தப்பா நல்ல வியாபாரி. டிவிஎஸ் வாங்கினார், நாற்பது கடையை அறுபது கடை ஆக்கினார். ஞாயித்துக்கிழமை மட்டும் போகல. அந்த நோட்டும் நின்னு போச்சு. ரெண்டு வருஷத்துல பட்டறையில பாதிப் பெட்டி காலி. பாட்டில் வாங்கணும்னா வட நாட்டுல ஆர்டர் கொடுக்கணும், மொத்தமா எடுக்கணும், கையில பணம் இல்லை. கூல் டிரிங்க்ஸ் வந்து சோடாவைக் கொன்னுடுச்சுன்னு எங்க வீட்ல இன்னிக்கும் சொல்வாங்க. நானும் அப்படித்தான் நம்பிக்கிட்டு இருந்தேன். யோசிச்சுப் பார்த்தா, கடைசி வரைக்கும் சோடா கேட்டு ஆள் வந்துக்கிட்டுதான் இருந்தாங்க. ஊத்திக் கொடுக்கத்தான் பாட்டில் இல்லை.

தாத்தா இப்போ இல்லை. சித்தப்பாகிட்ட இதைச் சொல்லி அவர் மனசைக் கஷ்டப்படுத்தவும் தோணல. அவர் இந்தப் பதிவைப் படிக்க மாட்டார்ங்கிற தைரியத்துலதான் எழுதறேன்.

மூலப்பொருள் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் திரும்பப் பயன்படுத்தற பெட்டி, திரும்பப் பயன்படுத்தற பாட்டில்னு பேச்சு கிளம்புது. எங்க வகுப்புலயும் அதே பேச்சுதான். எந்தப் பிளாஸ்டிக், எத்தனை தடவை தாங்கும், என்ன வடிவம்னு படம் படமாப் போடறாங்க. ஜெர்ரிகேனைவிட நல்ல வடிவம் வருமா? அதுவே பாதி வயல்ல கிடந்தது. அதனால என் தீசிஸ்ல முதல் அத்தியாயத்தை மாத்தி எழுதிட்டேன். இப்போ அது ஒரே ஒரு கேள்வியோட ஆரம்பிக்குது: காலியைத் தேடிக்கிட்டு ஞாயித்துக்கிழமை யாரு சைக்கிள் எடுக்கப் போறாங்க?

பி.கு.: சென்னை நண்பர்களே, உங்க வீட்ல தண்ணி கேனுக்கு அட்வான்ஸ் எவ்வளவு வாங்கறாங்க? வீடு மாத்தும்போது யாராவது அதைத் திருப்பி வாங்கியிருக்கீங்களா, இல்லை கேனையே எடுத்துட்டுப் போயிட்டீங்களா? உண்மையைப் பின்னூட்டத்துல சொல்லுங்க, தீசிஸ்ல பேர் போடமாட்டேன் :-)